கலியாணம் முடிந்த கையோடு காசைப் பற்றிக் கதைப்பது எப்படி?

சம்பளம் விழுகிற நாளில் எங்கள் ஆசிரியர் அறையில் ஒரு காட்சி தவறாமல் நடக்கும். யாரோ ஒருவருக்கு வங்கியிலிருந்து மெசேஜ் வரும், "வந்திட்டுது" என்பார், உடனே எல்லோரும் போனை எடுத்துப் பார்ப்போம். மூன்று நான்கு பேர் மட்டும் பார்க்கமாட்டார்கள், கொப்பி திருத்திக்கொண்டே இருப்பார்கள். அவர்களுடைய மெசேஜ் வீட்டுக்காரரின் போனுக்குப் போகும், ஏ.ரி.எம். அட்டையும் அவருடைய பேர்சுக்குள்தான். அவர்களில் ஒரு அக்கா, இருபது வருடத்துக்கு மேல் படிப்பிக்கிறவர், ஒருநாள் கன்ரீனில் ரோல் வாங்க என்னிடம் இருநூறு ரூபா கேட்டார். "இண்டைக்கு அவரிட்டைக் கேக்க மறந்திட்டன்" என்றார். அவருடைய சம்பளம் என்னுடையதைவிடக் கூட.

அந்த வீட்டுக்காரர் நல்ல மனிசன்தான். குடி இல்லை, பிள்ளைகளின் ரியூசன் காசு ஒருநாள் பிந்தாது, கேட்டால் உடனே எடுத்துக் கொடுப்பார். அந்தக் "கேட்டால்" என்பதில்தான் எனக்குப் பிரச்சினை. காசு யாருடைய புத்தகத்தில் கிடக்கிறது என்பதை விடுங்கள், யார் யாரிடம் கேட்க வேண்டியிருக்கிறது என்று பாருங்கள், அந்த வீட்டில் முடிவு யாருடையது என்று தெரிந்துவிடும்.

புதிதாகக் குடும்பம் தொடங்கியவர்களுக்கும் தொடங்கப் போகிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். எங்களுக்குக் கலியாணமாகிப் பன்னிரண்டு வருடம். நான் மாதச் சம்பளம், அவர் யாழ்ப்பாணத்தில் கோண்டாவில் பக்கம் மோட்டார் சைக்கிள் திருத்துகிற கராஜ். முதல் மூன்று வருடம் விட்ட பிழைகளில்தான் கீழே உள்ளதில் பாதியைப் படித்தோம்.

முதலில் கடனை வெளியே எடுங்கள்

எங்கள் ஊரில் கலியாணம் பேசும்போது காசைப் பற்றிக் கதைப்பதில்லை என்று யாரும் சொல்ல முடியாது. வீடு யாருக்கு, காணி எத்தனை பரப்பு, நகை எத்தனை பவுண், மாப்பிள்ளை வீட்டுக்குக் கொடுக்கிற டொனேசன் காசு எவ்வளவு, எல்லாம் புரோக்கரை நடுவில் வைத்து மாதக்கணக்கில் கதைப்பார்கள். மாப்பிள்ளையின் வாகன லீசிங் கடன் இன்னும் எத்தனை மாதம் இருக்கிறது, பொம்பிளைக்குப் போட்ட நகையை வாங்க அவளுடைய அப்பா எங்கே கடன்பட்டார், மண்டபத்துக்கும் வீடியோவுக்கும் கொடுத்த காசு யாருடைய பெயரில் எடுத்தது, இதை மட்டும் ஒருவரும் கேட்கமாட்டார்கள். மூன்றாம் மாதம் ஒரு கடிதம் வரும், அல்லது வாசலில் ஒருவர் மோட்டார் சைக்கிளை நிப்பாட்டுவார், அப்போதுதான் மற்றவருக்குத் தெரியும்.

ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்ட பிறகு, வீட்டில் வேறு ஆட்கள் இல்லாத நேரம் இருவரும் இருங்கள். ஒரு சி.ஆர். கொப்பி வாங்கி முதல் பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். இடப்பக்கம் ஒருவர், வலப்பக்கம் மற்றவர். கைக்கு வருகிற வருமானம், வங்கிக் கடன், லீசிங், அடைவில் இருக்கிற நகை, கட்டுகிற சீட்டு, யாருக்காவது போட்ட பிணைக் கையெழுத்து. பிறகு அம்மா அப்பாவின் மருந்துக்காசு, கலியாணம் கட்டாத தங்கைச்சி, ஏஜென்சிக்குக் கட்டி வெளியில் போன தம்பிக்காக வீடு பட்ட கடன். கடைசியில் சொன்னவற்றைக் கடன் என்று சொல்ல மனம் வராது, கடமை என்போம். பெயர் எதுவானாலும் மாதம் முடிய அதே பேர்சிலிருந்துதான் போகிறது, எழுதுங்கள்.

"உங்களுக்கு என்ன கடன் இருக்கு?" என்று தொடங்கினால் பொலிஸ் விசாரணை மாதிரி இருக்கும். உங்களுடையதை முதலில் சொல்லுங்கள். நான் என்னுடைய இரண்டு காப்பும் அடைவில் இருக்கிறது என்று சொன்ன பிறகுதான் அவர் கொம்பிரஸர் வாங்க எடுத்த கடனைச் சொன்னார். அதுவும் முழுத்தொகையை அன்றைக்குச் சொல்லவில்லை, அது வேறு கதை.

ஒரு மாதம் எழுதுங்கள், ஆனால் வாயைத் திறக்காதீர்கள்

அதே கொப்பியில் ஒரு மாதச் செலவை இருவரும் எழுத வேண்டும். ஒரே ஒரு நிபந்தனை: அந்த மாதம் முடியும்வரை மற்றவரின் செலவைப் பற்றி ஒரு சொல் சொல்லக்கூடாது. சொன்னால் அடுத்த நாளே எழுதுவது நின்றுவிடும், அல்லது எல்லாம் "சில்லறை" ஆகிவிடும்.

எங்கள் கொப்பியில் அவருடைய பக்கத்தில் "சில்லறை 6,000" என்று கிடந்தது. மாதம் முடிந்து கேட்டேன். கராஜில் நிற்கிற பொடியனுக்கு மதியச் சாப்பாடு, வருகிறவர்களுக்கு ரீ, வடை. அது வீட்டுச் செலவே இல்லை, கராஜ் செலவு. தோண்டிப் பார்த்தால் எதிர்ப்பக்கமும் அப்படித்தான்: பிள்ளையின் பால்மா கராஜ் லாச்சியிலிருந்து வாங்கியிருக்கிறார், கராஜுக்குச் செயின் செற் என்னுடைய அட்டையில் எடுத்த காசில் வாங்கியிருக்கிறார். இரண்டு பேருக்கும் "நான்தான் கூடப் போடுகிறேன்" என்ற நினைப்பு, இரண்டு பேரும் உண்மையாகவே அப்படி நினைத்தோம். சொந்தத் தொழில் என்றால் கடையோ தோட்டமோ வள்ளமோ, அதற்கு ஒரு தனிக் கணக்கு வேண்டும். தொழிலிலிருந்து மாதம் இவ்வளவு வீட்டுக்கு என்று சம்பளம் மாதிரி எடுக்க வேண்டும். எவ்வளவு என்று கேட்டால், கடந்த ஆறு மாதத்தில் ஆகக் குறைந்த மாதத்தை எடுங்கள். நல்ல மாதத்தை வைத்துக் கணக்குப் போட்ட வீடுகள்தான் கூடாத மாதத்தில் நாளுக்கு நாள் ஏறுகிற மீற்றர் வட்டிக்குப் போகின்றன. வெங்காயம், புகையிலை செய்கிறவர்களுக்கு மாதக் கணக்கே இல்லை, விற்றுக் கைக்கு வந்ததை அடுத்த விற்பனைவரை உள்ள மாதங்களால் பிரித்துவிட்டுத்தான் மிச்சத்தைத் தொட வேண்டும்.

இன்னொன்று எங்களுக்குத் தெரியவந்தது: கொண்டாட்டக் காசு. சாமத்தியவீடு, பிறந்தநாள், கலியாணவீடு, செத்தவீடு, எட்டு, அந்திரட்டிச் சடங்குகள். ஆடி, ஆவணி மாதங்களில் நல்லூர்த் திருவிழா இருபத்தைந்து நாளும், கலியாணங்களும், வெளிநாட்டிலிருந்து வந்து நிற்கிற சொந்தங்களும் ஒன்றாக வரும்போது கைக்காசு எங்கே போனதென்றே தெரியாது. இதற்கென்று வருடத்துக்கு ஒரு தொகையை ஒதுக்கிப் பன்னிரண்டால் பிரித்துப் போடுங்கள்.

எப்படிப் பிரிப்பது?

உதாரணத்துக்கு அவருக்கு 80,000, அவளுக்கு 60,000 என்று வையுங்கள். இரண்டும் சேர்ந்து 1,40,000. வீட்டுக்கு, பிள்ளைகளுக்கு, கடனுக்கு என்று பொதுச் செலவு 98,000.

பாதிக்குப் பாதி போட்டால் ஆளுக்கு 49,000. அவர் கையில் 31,000 மிச்சம், அவள் கையில் 11,000. கேட்க நியாயமாக இருக்கும், ஆனால் குறைய உழைக்கிறவர் மாதக் கடைசியில் மற்றவரிடம் கை நீட்டுவார்.

வருமானத்துக்கு ஏற்றபடி போடுவது இரண்டாவது வழி. 98,000 என்பது மொத்தத்தில் 70 வீதம். இருவரும் தங்கள் வருமானத்தில் 70 வீதம் போடுகிறார்கள், அவர் 56,000, அவள் 42,000. மிச்சம் 24,000உம் 18,000உம். தனித்தனி வங்கிக் கணக்கை விட மனமில்லாதவர்களுக்கு இது சரி.

எங்கள் வழி மூன்றாவது. எல்லாம் ஒரு பானைக்குள். அதிலிருந்து பொதுச் செலவு 98,000 போக 42,000. ஆளுக்கு 10,000 கைக்காசு, சரிசமன். மிச்சம் 22,000 சேமிப்பு. அந்தப் பத்தாயிரத்துக்கு யாரும் யாருக்கும் கணக்குச் சொல்லத் தேவையில்லை. அவர் நண்பர்களோடு கொத்து ரொட்டி சாப்பிடட்டும், நான் சாறி எடுக்கட்டும், அம்மாவுக்குக் கொடுக்கட்டும், சும்மா வைத்திருக்கட்டும். பத்தாயிரம் ஏலாது என்றால் ஆயிரமாக இருக்கட்டும், ஆனால் இரண்டு பேருக்கும் ஒரே தொகை.

இதில் உழைக்காதவர் என்று ஒருவர் இருந்தால்? அப்போதும் ஒரே தொகைதான். வீட்டோடு இருக்கிற மனைவிக்கு "செலவுக்குக் காசு" கொடுத்துவிட்டு அதுவே அவளுடைய பங்கு என்று நினைக்கிற ஆண்கள் கன பேர். மரக்கறிக்கும் மீனுக்கும் கொடுத்த காசு அவளுடைய காசு ஆகாது, அது எல்லோருடைய வயிற்றுக்கும் போன காசு. அதில் மிச்சம் பிடித்துத் தனக்கு ஒரு சோடிச் செருப்பு வாங்க வேண்டும் என்று வந்தால், அவள் தன் கறியைக் குறைத்துத்தான் வாங்குவாள். கண்ணால் கண்டிருக்கிறேன்.

ஒளித்து வைக்கிற காசைப் பற்றியும் சொல்ல வேண்டும். என் அம்மம்மாவின் இடுப்பில் எப்போதும் ஒரு கொட்டப்பெட்டி இருக்கும், பனையோலையில் இழைத்தது, உள்ளங்கைக்குள் அடங்கும். முட்டை விற்ற காசு, பனம்பழக் களியில் காயவைத்த பினாட்டு விற்ற காசு, எல்லாம் மடித்து மடித்து அதற்குள். எவ்வளவு இருக்கிறதென்று தாத்தாவுக்குத் தெரியாது, கேட்கவும்மாட்டார். இன்றைக்கு அதே வேலையைப் பெண்கள் ஒழுங்கைக்குள் சீட்டுக் கட்டிச் செய்கிறார்கள். அதைப் பிழை என்று நான் சொல்லமாட்டேன், கேட்டுத்தான் வாங்க வேண்டும் என்ற வீட்டில் அது ஒன்றுதான் வழி. கைக்காசு ஒழுங்காக இருக்கிற வீட்டில் ஒளிக்கத் தேவை வராது. சீட்டுக் கட்டுவதானால் அது இருப்பதாவது மற்றவருக்குத் தெரியட்டும், ஏனென்றால் சீட்டுப் பிடிக்கிறவர் ஓடிவிட்டால் அழுவது இரண்டு பேரும்தான்.

ஒரு கோடு கீறுங்கள்

எவ்வளவுக்கு மேலே போனால் மற்றவரைக் கேட்க வேண்டும்? ஒரு தொகையை முடிவு செய்யுங்கள். எங்களுக்கு 15,000. அதற்குக் கீழே பொதுக் காசில் யாரும் வாங்கலாம், கொப்பியில் எழுதினால் போதும். மேலே போனால் வாங்க முதல் கதைக்க வேண்டும். இருவரும் ஓம் என்றால்தான். ஒருவர் வேண்டாம் என்றால் ஒரு கிழமை பொறுத்து மறுபடி கதைப்பது.

தொகை எவ்வளவாக இருந்தாலும் கேட்காமல் செய்யக்கூடாத மூன்று இருக்கின்றன: கடன் எடுப்பது, நகை அடைவு வைப்பது, பிணை நிற்பது.

மூன்றாவதை நாங்கள் காசு கொடுத்துப் படித்தோம். கலியாணமான இரண்டாம் வருடம் இவர் தன் நண்பன் ஒருவனுக்கு ஓட்டோ லீசிங்குக்குப் பிணைக் கையெழுத்துப் போட்டார். எனக்குச் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்று இல்லை, சொல்ல வேண்டிய விசயம் என்றே அவருக்குத் தோன்றவில்லை, "சிநேகிதன்ர அலுவல்தானே" என்று விட்டுவிட்டார். எட்டு மாதத்தில் அந்த நண்பன் வெளிநாடு போய்விட்டான். ஒருநாள் பள்ளிக்கூடத்தால் வந்து சைக்கிளை நிற்பாட்டுகிறேன், விறாந்தையில் இரண்டு பேர், மடியில் பைல். மாமி தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருக்கிறா, கை நடுங்கிக் கோப்பைக்குள் பாதி, தட்டுக்குள் பாதி. பதினாலு மாதம் நாங்கள் அந்த ஓட்டோவுக்குக் கட்டினோம். ஒருநாள்கூட அதில் ஏறியதில்லை.

அன்றிரவு நான் கேட்டது காசைப் பற்றி இல்லை. "என்னட்டை ஏனப்பா சொல்லேல்லை?" என்றுதான். அவர் கன நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சொன்னா நீ வேண்டாம் எண்டுவாய்" என்றார். அதுதானே கேட்பதன் பயன்! இப்போது யாராவது பிணைக்கு வந்தால் இவருக்கு ஒரு பதில் இருக்கிறது: "வீட்டிலை கேட்டுத்தான் சொல்லுவன்." மனிசிக்குப் பயந்தவன் என்று ஆட்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

அரச உத்தியோகம் பார்க்கிற பெண்களுக்கு இது இரண்டு மடங்கு. வங்கிக் கடனுக்கு அரச ஊழியரின் பிணை என்றால் உடனே எடுபடும் என்பதால் கணவனின் தம்பி, மச்சாள், பக்கத்து வீட்டு அண்ணை என்று எல்லோரும் உங்களிடம்தான் வருவார்கள். உங்கள் சம்பளத்தில்தான் வெட்டும். நுண்கடன் குழுக்களிலும் இதே கதை. ஒருவர் கட்டாவிட்டால் மற்றப் பெண்கள் கட்ட வேண்டும், கடன் எடுத்தது மனைவியின் பெயரில், செலவழித்தது சிலவேளை கணவன். அந்தப் பிரச்சினை எவ்வளவு முற்றியதென்றால் 2018இல் அரசாங்கமே வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்களின் ஒரு லட்சத்துக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய இறங்கியது, யாழ்ப்பாணமும் அதற்குள் வந்தது. உங்கள் பெயரில் கடன் என்றால் காசு உங்கள் கைக்கு வர வேண்டும், அல்லது போகிற இடம் உங்களுக்குத் தெரிய வேண்டும்.

நகையும் காணியும்

இந்த இடத்தைக் கொஞ்சம் ஆறுதலாக வாசியுங்கள். இங்கே உங்கள் இருவரையும் தவிர மூன்றாவது ஆள் ஒருவர் இருக்கிறார், தேசவழமை என்கிற யாழ்ப்பாணத்து வழக்கச் சட்டம்.

ஒல்லாந்தர் காலத்தில், 1707இல், இங்கத்தைய நிர்வாக அதிகாரியான திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் யாழ்ப்பாணத்து வழக்கங்களைத் தொகுத்து எழுதினார். ஊர்த் தலைவர்களான பன்னிரண்டு முதலிமார் அதை வாசித்துச் சரி என்றார்கள். (பன்னிரண்டு பேரும் ஆம்பிளைகள் என்பதைச் சொல்லத் தேவையில்லை.) 1806இல் ஆங்கிலேயர் அதற்குச் சட்ட அந்தஸ்துக் கொடுத்தார்கள். புருசன் பெண்சாதி சொத்து விசயத்தில் இன்று நாங்கள் முக்கியமாகப் பார்ப்பது 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டத்தையும் அதற்கு 1947இல் வந்த திருத்தத்தையும்.

எங்கள் ஊரில் வீடு பெரும்பாலும் பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை வந்து இருப்பார். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குப் பெண் கை ஓங்கியிருப்பது போலத் தெரியும். சட்டம் என்ன சொல்கிறது? சீதனமாகவோ வேறு வழியிலோ வந்த சொத்து மனைவியின் தனிச்சொத்து. அசையும் சொத்தை, அதாவது நகை, காசு போன்றவற்றை, அவள் யாரையும் கேட்காமல் விற்கலாம், கொடுக்கலாம். காணி, வீடு என்றால் கணவனின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும். கணவன் தன் தனிச்சொத்தை விற்க மனைவியின் கையெழுத்துத் தேவையில்லை. காணி உறுதிப் பத்திரம் உன் பெயரில், பேனை அவர் கையில். எனக்கு இது கோபம் வருகிற இடம், இவருக்கும்தான், இரண்டு பெண்பிள்ளைகளின் தகப்பன்.

ஆனால் அதே சட்டத்துக்குள் பெண்களுக்குச் சாதகமான சில விசயங்கள் இருக்கின்றன, தெரியாமல் விட்டுவிடுகிறோம். கணவனின் கடனுக்கு மனைவியின் தனிச்சொத்துப் பொறுப்பில்லை, அந்தச் சொத்தையே பராமரிக்க, திருத்த, பயிர்செய்ய என்று பட்ட கடன் தவிர. அதனால்தான் கடன் கொடுக்கிறவர்கள் வீட்டை ஈடு வைக்க உங்கள் கையெழுத்தையும் கேட்கிறார்கள். அந்த இடத்தில் வாசிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். மரணசாசனம் எழுத யாருடைய சம்மதமும் வேண்டாம். கணவன் காரணமில்லாமல் சம்மதம் தர மறுத்தாலும், விட்டுவிட்டுப் போயிருந்தாலும், எங்கே இருக்கிறார் என்றே தெரியாவிட்டாலும் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போய் அனுமதி எடுக்கலாம். யுத்தத்துக்குப் பிறகு இந்தக் கடைசிக் காரணம் எத்தனை வீடுகளுக்குப் பொருந்தும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது தேடிய தேட்டம். கலியாணத்துக்குப் பிறகு உழைத்த காசில் வாங்கியது. தனிச்சொத்திலிருந்து வருகிற வாடகை, விளைச்சல் மாதிரியான ஆதாயமும் அதற்குள் வரும். 1947 திருத்தத்தின்படி, ஒருவர் இறந்தால், அவருக்குரிய தேட்டத்தில் அவர் விற்காமலும் எழுதிவைக்காமலும் விட்டதில் பாதி துணைக்கு, மற்றப் பாதி உரித்தாளருக்கு. இதிலிருந்து உங்களுக்கு இரண்டு வேலை வருகிறது. சேர்ந்து உழைத்து ஒரு காணி வாங்கினால் இரண்டு பேரையும் வாங்குகிறவர்களாகப் போட்டு உறுதி எழுதச் சொல்லுங்கள். "ஒரு பெயர் காணும், இரண்டு பெயர் எண்டால் பேந்து சிக்கல்" என்று யாராவது சொல்வார்கள், சிக்கல் யாருக்கு என்று கேளுங்கள். சீதனக் காணியை விற்ற காசில் வேறொன்று வாங்கினால், இன்ன காணி விற்ற காசு என்பதைப் புது உறுதியிலேயே குறிக்கச் சொல்லுங்கள். அப்படி வாங்கியது தேட்டத்துக்குள் வராது, ஆனால் எழுத்தில் இல்லாவிட்டால் இருபது வருடம் கழித்து யார் நிரூபிப்பது? தேசவழமை எல்லாத் தமிழருக்கும் பொருந்தாது, யாரை யார் கட்டினார் என்பதைப் பொறுத்தும் மாறும், ஆகவே உங்கள் சொந்த விசயத்தை உறுதி எழுதுகிற நொத்தாரிசிடமோ சட்டத்தரணியிடமோ கொண்டுபோய்க் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். யாழ்ப்பாணத்தில் சட்ட உதவி ஆணைக்குழுவுக்கும் அலுவலகம் இருக்கிறது, வசதி குறைந்தவர்கள் அங்கே போகலாம்.

நகை பற்றிச் சுருக்கமாக. கஸ்தூரியார் வீதியில் வாங்கும்போது பில்லை யாருடைய பெயரில் எழுதினார்கள் என்று பாருங்கள். அடைவு வைக்கத்தான் வேண்டும் என்றால், நகைக்காரியே போய்த் தன் பெயரில் அடைவுச் சீட்டை எடுக்கட்டும், மீட்கிற திகதியைக் கொப்பியில் எழுதட்டும். தாலிக்கொடி அடைவுக்குப் போகலாமா கூடாதா என்று பெரிய விவாதமே நடக்கும் வீடுகள் உண்டு, என் கருத்தில் வட்டிக்காரனிடம் போவதைவிடக் கொடி போவது மேல்.

மாமி, அண்ணன், கனடா

சீதன வீட்டில் இருந்தால் பெண்ணின் அம்மா பக்கத்து அறையில் இருப்பா. அல்லது எங்களைப் போல மாமியையும் கூட வைத்திருப்பீர்கள். பிறகு ரொறன்ரோவிலோ லண்டனிலோ சூரிச்சிலோ ஒரு அண்ணனோ அக்காவோ. காசு அனுப்புகிறவருக்குச் சொல்லவும் உரிமை இருக்கிறது என்று அவர்களும் நினைப்பார்கள், நாங்களும் நினைப்போம். கூரைக்கு ஓடு போடுவதா சீற் போடுவதா என்று வட்ஸ்அப்பில் முடிவாகும்.

நாங்கள் வைத்த வழக்கம் இது. அவருடைய ஆட்களோடு அவர் கதைப்பார், என்னுடைய ஆட்களோடு நான். வருகிற காசு கடனா, சும்மா தந்ததா, இன்ன வேலைக்கென்று தந்ததா என்று முதலே கேட்டு அதையும் கொப்பியில் எழுதுவோம். ஒருவரின் வீட்டுக்கு நாங்கள் கொடுப்பதும் அப்படித்தான், மற்றவருக்குத் தெரியாமல் போகாது. ஆனால் கைக்காசிலிருந்து கொடுத்தால் அது அவரவர் விசயம், நான் கேட்கமாட்டேன். வங்கியில்லாமல் ஆள் மாறி ஆள் கைக்கு வருகிற உண்டியல் காசுக்கு எழுத்து எதுவும் இல்லை, வங்கியால் வந்தால் துண்டாவது மிஞ்சும், பின்னாளில் காணி வாங்கும்போது அந்தத் துண்டு உதவும்.

மாமிக்கு மாதம் ஒரு தொகை கையில் கொடுக்கிறோம், ஒன்றாம் திகதி, அவ கேட்க முதல். முன்பு கோயிலுக்குப் போகிறபோது இவரிடம் ஐம்பது, நூறு என்று கேட்பா. இப்போது அவவே பேரப்பிள்ளைகளுக்கு ஐஸ்கிறீம் வாங்கிக் கொடுக்கிறா, நடையே மாறிவிட்டது.

கடதாசி வேலை

வங்கியில் கூட்டுக் கணக்குத் திறக்கும்போது, இருவரில் யார் வந்தாலும் எடுக்கலாமா, இருவரும் கையெழுத்துப் போட வேண்டுமா என்று கேட்பார்கள். வீட்டுச் செலவுக் கணக்குக்கு முதலாவது, சேமிப்புக்கு இரண்டாவது என்று வைத்தோம். ஒவ்வொருவருக்கும் சொந்தப் பெயரில் ஒரு கணக்கும் இருக்கட்டும். அட்டையும் இரகசிய இலக்கமும் அவரவரிடம், மெசேஜும் அவரவர் போனுக்கு. "எனக்கு மெசினிலை அடிக்கத் தெரியாது" என்கிறவர்களை ஒருநாள் கூட்டிப்போய்ப் பழக்குங்கள், பத்து நிமிட வேலை.

தனியார் நிறுவனத்தில் வேலை என்றால் ஊழியர் சேமலாப நிதியில் உங்கள் 8 வீதமும் முதலாளியின் 12 வீதமும் சேர்கிறது. அதில் யாரைப் பின்னுரித்தாளராகப் போட்டிருக்கிறது என்று பாருங்கள், வேலையில் சேர்ந்த நாளில் போட்ட அம்மாவின் பெயர்தான் பலருக்கு இன்னும் இருக்கிறது. காப்புறுதிக்கும் அப்படியே. அரச ஊழியர் கலியாணச் சான்றிதழைக் காரியாலயத்தில் கொடுத்து விதவைகள் அநாதைகள் ஓய்வூதியப் பதிவைச் சரிபார்க்க வேண்டும்.

இவ்வளவும் இரண்டு பேரும் கதைக்கக்கூடிய வீட்டுக்கு. வங்கி அட்டையைப் பறித்து வைத்துக்கொண்டு தராதவர், உழைக்க விடாதவர், பிள்ளைக்கும் செலவு கொடுக்காதவர், கேட்டால் அடிக்கிறவர் என்றால் கொப்பியும் கோடும் வேலைக்கு ஆகாது. அங்கே பட்ஜெட் போடச் சொல்லி யாராவது புத்தி சொன்னால் கேட்காதீர்கள். வசதியிருந்தும் பராமரிக்காத துணையிடம் செலவு கேட்க 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டம் இருக்கிறது, அடி உதை, மிரட்டல் என்றால் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் பாதுகாப்புக் கட்டளை எடுக்கலாம். இரண்டுக்கும் நீதவான் நீதிமன்றம்தான். முதலில் கதைக்க ஆள் வேண்டுமென்றால் பிரதேச செயலகத்தில் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர் இருப்பார், பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. போகும்போது அடையாள அட்டை, கலியாணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், உறுதியின் பிரதி எல்லாம் கையில் இருந்தால் நல்லது.

அந்தப் பிரதிகள் எந்த வீட்டுக்கும் வேண்டும். உறுதி, அடைவுச் சீட்டு, வங்கிப் புத்தகம், லீசிங் பத்திரம், காப்புறுதி எல்லாவற்றையும் இரண்டு செற் போட்டோக்கொப்பி எடுத்து ஒன்றை அலுமாரியிலும் மற்றதைச் சொந்தத்தில் நம்பகமான ஒரு வீட்டிலும் வையுங்கள். 1995 இடப்பெயர்வில் நாவற்குழிப் பாலத்தைத் தாண்டும்போது என் அம்மா சோற்றுப் பானையை விட்டுவிட்டு உறுதிகள் இருந்த தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தா. அதற்குள் என்னென்ன இருந்ததென்று அப்பாவுக்குத் தெரியாது. அவ ஒருவவுக்குத்தான் தெரியும்.